ஜோதிவேல் பெயரில் ஒரு யூனிட்

2010இல் ஒரு நாள், காலை ஒன்பதே முக்கால் மணி. பதிவேட்டில் எண் ஒன்று. பெயர், க. ஜோதிவேல். அது நான்தான் அண்ணாச்சி.

நீங்கள் கேட்டது இந்தக் கேடயத்தைப் பற்றி. 'முதல் கொடையாளர்' என்று போட்டிருக்கிறதே, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டீர்கள். ரத்தம். இதைச் சொல்ல வேண்டுமென்றால் பதினான்கு வருஷம் பின்னால் போக வேண்டும். வண்டி மதுரை போய்ச் சேர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசுகிறவன் நான். தலைமைப் பண்பு, ஊக்கம், ஆளுமை, இந்த மாதிரி. தூங்குகிறவர்களுக்கு முன்னால் பேசிப் பழக்கம் உண்டு.

2010 அக்டோபர் முதல் தேதி, வெள்ளிக்கிழமை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரி, பெயர் எதற்கு. அங்கே நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு நான் மாணவர் செயலர். என்.எஸ்.எஸ். என்று சொல்வார்களே, அது. நூறு பிள்ளைகள் ஓர் அணி. சனிக்கிழமை தோறும் சேவை. இரண்டு வருஷத்தில் இருநூற்று நாற்பது மணி நேரம் வேலை செய்து, ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்கி முகாமும் முடித்தால் சான்றிதழ். ஒவ்வொருத்தனும் ஒரு நாட்குறிப்பு வைத்திருப்பான். இன்றைக்கு என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று எழுதி, திட்ட அலுவலர் தனுஷ்கோடி சாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த நாட்குறிப்பைச் சும்மா சொல்லவில்லை. பின்னால் வரும்.

அந்த நூறு பேரில் ஒருத்தன் கனிராஜ். என் நண்பன். எப்படி நண்பன் ஆனான் என்றால், முதல் வருஷம் எல்லாருக்கும் ரத்த வகை பார்த்தார்கள். விரலில் ஒரு குத்து, அவ்வளவுதான். குத்தினதும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. யாரும் பார்க்கக் கூடாது என்று மாடிப்படிக்குப் பின்னால் போனேன். அங்கே விழுந்துவிட்டேன். கண்ணைத் திறந்தபோது ஒருத்தன் என் தலையை மடியில் வைத்து, நோட்டால் விசிறிக்கொண்டிருந்தான். "காலைல சாப்பிடாம வந்தியோ?" என்றான். சாப்பிட்டிருந்தேன். ஆமாம் என்றேன். "அப்ப யாரும் கேட்டா அதையே சொல்லுவோம்" என்றான். இரண்டு பேருக்கும் ஓ பாசிட்டிவ். வகைவாரியாக வரிசையில் நிற்கச் சொன்னபோது அவன் என் பின்னால் நின்று முதுகைத் தாங்கிக்கொண்டே இருந்தான்.

எனக்கு ஊசி என்றால் பயம். இதை இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். நீங்கள் மூன்றாவது. உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதுதான் வசதி.

நான் பேசுவேன், அவன் வேலை செய்வான். அப்படி ஓர் அமைப்பு. தலைமை என்பது ஆட்களை எழுப்புவது. கிராம முகாமில் பள்ளிக்கூடத்துக் கழிப்பறை அடைத்துக்கொண்டது. நான் எல்லாரையும் உட்கார வைத்து இருபது நிமிஷம் பேசினேன், உழைப்புக்கு இழிவு கிடையாது என்று. பேசி முடித்துத் திரும்பினால் பாதிப் பேரைக் காணோம். அங்கே போய்ப் பார்த்தால் கனிராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நிற்கிறான், இவர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கடத்துகிறார்கள். ஒரு பேச்சுக்கு எவ்வளவு சக்தி இருக்கிறது பாருங்கள். இதை இன்றைக்கும் மேடையில் சொல்வேன்.

சரி, அந்த அக்டோபர் ஒன்று. தன்னார்வ ரத்ததான நாள். எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம், முதல் யூனிட் மாணவர் செயலர்தான் கொடுக்க வேண்டும். கல்லூரி முதல்வர் பக்கத்தில் நிற்பார், படம் எடுப்பார்கள், மறுநாள் பேப்பரில் வரும். அதைப் பார்த்து மற்றவர்கள் வருவார்கள். அந்த வருஷம் எனக்கு அது இன்னும் முக்கியம். மாநில அளவில் சிறந்த தொண்டர் விருதுக்கு என் கோப்பு போக வேண்டும். ரத்தம் கொடுத்த சான்றிதழ் இல்லாமல் அனுப்ப முடியாது என்று தனுஷ்கோடி சார் சொல்லிவிட்டார்.

எடை பார்த்தார்கள். விரலில் குத்தி, ரத்தத்தில் சத்து போதுமா என்று ஒரு சொட்டை நீலத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள். அந்தக் குத்தை எப்படியோ தாங்கிவிட்டேன். கனிராஜ் பக்கத்தில் நின்று ஏதோ ஓர் அசிங்கமான கதை சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு கட்டிலில் படுத்தேன். கையில் பந்தைக் கொடுத்தார்கள். முதல்வர் குனிந்து என் தோளில் கை வைத்தார். படம் எடுத்தார்கள். எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்தைத் திறந்து வைக்கப் போய்விட்டார்கள். நர்ஸ் ரத்தப் பை எடுக்க அந்தப் பக்கம் போனார். என் படிவம் கட்டிலின் கால்மாட்டில் செருகியிருந்தது.

எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. கனிராஜைப் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை அண்ணாச்சி, இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவனேதான் சொன்னான்.

"எந்திரி மாப்ள. நான் படுக்கேன்."

"உன் பேரும் லிஸ்ட்ல இருக்கே."

"அடுத்த தடவை பாத்துக்கலாம். நம்ம பேட்ஜ்லயே போட்டிருக்குல்ல, எனக்கில்ல உனக்குன்னு. இன்னைக்குத்தான் அதுக்கு வேலை வந்திருக்கு."

நான் எழுந்தேன். அவன் படுத்தான். நர்ஸ் வந்து படிவத்தைப் பார்த்து, "ஜோதிவேலா?" என்றார். "ஆமாக்கா" என்றான். அதுதான் அவன் வாழ்க்கையில் கொடுத்த முதல் ரத்தம். என் பெயரில்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் புரோட்டா சாப்பிட்டோம். ரத்தம் கொடுத்தவனுக்குத்தான் ரெண்டு ஆம்லெட் என்று சொல்லி என் தட்டிலிருந்ததையும் எடுத்துக்கொண்டான்.

இருபது நாள் கழித்து என் வீட்டு முகவரிக்கு ரத்த வங்கியிலிருந்து ஒரு கடிதம். இந்தக் கடிதத்துடன் நேரில் வரவும், அவ்வளவுதான் எழுதியிருந்தது. நான் பாராட்டுக் கடிதம் என்று நினைத்தேன். அம்மாவிடம் காட்டக்கூடச் செய்தேன்.

போனேன். ஓர் ஆலோசகர் அம்மா, கண்ணாடி போட்டவர், கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். உங்கள் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி இருப்பதாகக் காட்டுகிறது, மஞ்சள் காமாலைக் கிருமி, உறுதி செய்ய மறுபடி எடுக்க வேண்டும் என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் கையை நீட்டினேன். மயக்கம் வரவில்லை, ஆச்சரியம். பயம் வேறு ஒரு பக்கம் போய்விட்டது போல. நான்கு நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார். என் ரத்தத்தில் ஒன்றும் இல்லை.

அந்த அம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"உங்க பேர்ல வேற யாராச்சும் குடுத்தாங்களா தம்பி?"

"இல்ல மேடம்."

"நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. அந்தப் பையனுக்காகக் கேக்கறேன். உடம்புல ஒண்ணும் தெரியாது. நல்லாத்தான் இருப்பான். பத்து வருஷம் கழிச்சு ஈரல்ல காட்டும். அப்ப யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. இப்பன்னா பார்த்துக்கலாம். அவங்க அம்மா, கூடப் பிறந்தவங்களையும் பார்க்கணும்."

"நான்தான் மேடம் குடுத்தேன்."

அவர் பதிவேட்டைத் திருப்பிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

நீங்கள் இப்போது என்னை ஒரு மாதிரி பார்க்கிறீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுப் பாருங்கள். கோப்பு அந்த வாரம்தான் சென்னைக்குப் போயிருந்தது. கனிராஜிடம் சொன்னால் என்ன செய்வான்? அவனுக்கு மறைக்கத் தெரியாது. மறுநாளே ரத்த வங்கிக்குப் போய், நான்தான் இவன் பெயரில் கொடுத்தேன் என்று உட்கார்ந்துவிடுவான். அங்கிருந்து கல்லூரிக்கு வரும். விருது போகும், செயலர் பதவி போகும், அணிக்கே கெட்ட பெயர். நூறு பேரின் உழைப்பு அண்ணாச்சி. பத்து வருஷம் ஆகும் என்று அந்த அம்மாவே சொல்கிறார். நான் கேட்டது மூன்று மாதம். ஜனவரியில் விருது அறிவித்துவிட்டால் அடுத்த நாள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

சாத்தூர் வந்துவிட்டது. வெள்ளரிக்காய் வாங்குகிறீர்களா? வேண்டாமா. எனக்கும் வேண்டாம்.

ஜனவரியில் விருது வந்தது. சென்னைக்குப் போய் வாங்கினேன். அதற்குப் பிறகு இன்னும் கஷ்டமாகிவிட்டது. வாங்குவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் ஒரு காகிதம்தான் போயிருக்கும். வாங்கின பிறகு சொன்னால் வாங்கின ஆளே போய்விடுவான். வாசலில் பெரிய பேனர் வைத்திருந்தார்கள், என் படம் போட்டு. அந்தப் படம் எது தெரியுமா, கட்டிலில் படுத்துப் பந்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேனே, அதுதான். பேனரைக் கட்டியவன் கனிராஜ். ஏணியில் நின்றுகொண்டு, "தலைவரே, கொஞ்சம் சிரிச்ச மாதிரி படுத்திருக்கலாம்" என்றான்.

சொல்லாமலே இருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஒருநாள் கேன்டீனில் வைத்துச் சொன்னேன். ஒரு தடவை மொத்தமாக உடம்பைப் பரிசோதனை செய்துகொள்ளேன் என்று. அவன் சிரித்தான். "நான் என்ன மாடா, சந்தைக்குப் போறதுக்கு முன்னாடி பல்லப் பிடிச்சுப் பாக்க?" என்றான். அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும். சொன்னேனா, சொன்னேன்.

பிப்ரவரி பதினெட்டு, இன்னொரு ரத்ததான முகாம். பட்டியலில் பதினான்காவது பெயர் கனிராஜ். அக்டோபரில் விட்டதை இப்போது கொடுக்க வேண்டும் என்று அவன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அந்தப் பெயரை அடித்துவிட்டு, ஜூஸ் மேசைக்குப் போட்டேன். ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு ஜூஸும் பிஸ்கட்டும் கொடுக்கிற வேலை. ஏன் அடித்தேன்? அவன் ரத்தம் வேறு ஒருத்தர் உடம்புக்குப் போகக் கூடாது. ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம், ஒரு குழந்தைக்குப் போகலாம். அதை நினைத்துத்தான் செய்தேன். அந்த ஒரு விஷயத்தில் என் மனசாட்சி சுத்தமாக இருக்கிறது.

என்ன சொன்னீர்கள்? ஆமாம். எடுத்த ரத்தத்தை எப்படியும் சோதிப்பார்கள்தான். இருந்தால் கொட்டிவிடுவார்கள்தான். அவன் பெயருக்கே கடிதம் போயிருக்கும்தான். இதே கேள்வியை இன்று காலையும் ஒருத்தி கேட்டாள். அதற்கு வருகிறேன். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில், அந்த அவசரத்தில், இவ்வளவு தூரம் யாருக்கு யோசிக்கத் தோன்றும்.

கனிராஜ் விடவில்லை. தனுஷ்கோடி சாரிடம் போய், என் பேரை ஏன் அடித்தார்கள் என்று கேட்டான். சார் என்னைக் கூப்பிட்டார். எடை பத்தாது சார், நாற்பத்து மூன்றுதான் என்றேன். அவன் பேசாமல் போய் எடை மிஷினில் ஏறி நின்றான். ஐம்பத்தொன்று. சுற்றி இருபது முப்பது பேர், பாதிப் பேர் பெண் பிள்ளைகள். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். ஒரு தலைவன் அந்த இடத்தில் சறுக்கக் கூடாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஃபர்ஸ்ட் இயர்ல விரல்ல குத்துனதுக்கே மாடிப்படி பின்னாடி மயங்கி விழுந்தவன் சார் இவன். நான்தான் தூக்கி உட்கார வச்சேன். இன்னைக்கு முகாம் நடுவுல விழுந்தா யார் பதில் சொல்றது?"

எல்லாரும் சிரித்தார்கள். கனிராஜ் என்னைப் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், விழுந்தது யார் என்று. சொல்லவில்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டு ஜூஸ் மேசைக்குப் போனான். அன்றைக்கு எழுபது பேருக்கு ஜூஸ் ஊற்றினான். மத்தியானத்துக்குள் அவனுக்கு 'மயக்கம்' என்று பெயர் விழுந்துவிட்டது. ஏய் மயக்கம், இன்னொரு டம்ளர் குடு. மயக்கம், பாத்து, விழுந்துறாத. நான் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. யாரும் சொல்லாதீர்கள் என்றும் சொல்லவில்லை, அது உண்மை. சொன்னால் சந்தேகம் வரும்.

முகாம் முடிந்து மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றான். மெதுவாகத்தான் பேசினான்.

"உனக்காக ஒரு நாள் படுத்தேன் மாப்ள. எனக்காக ஒரு நாள் என்னைப் படுக்க விடலியே."

"காரணம் இருக்குடா."

"என்ன காரணம்?"

அண்ணாச்சி, அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லை. வாய் வரைக்கும் வந்தது. அப்போது தனுஷ்கோடி சார் கூப்பிட்டார், மருத்துவக் குழுவோடு குரூப் போட்டோ. போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவன் மேசைமேல் தன் பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான். இனிமேல் ரத்தம் அது இது என்று யாரும் என்னைத் தேடி வராதீர்கள் என்று ஜூஸ் கேனை எடுத்துப் போக வந்தவனிடம் சொல்லியிருக்கிறான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதற்குப் பிறகு சாகிற வரை அவன் ஓர் இடத்திலும் ரத்தம் கொடுக்கவில்லை.

அவனுடைய மணி நேரம் இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றது. இருபத்தெட்டு மணி நேரம் குறைவு. சான்றிதழ் இல்லை. நான் தனுஷ்கோடி சாரிடம் சொல்லிப் பார்த்தேன், எழுதிக் கொடுத்துவிடலாம் சார் என்று. வந்தால் கொடுக்கிறேன் என்றார். அவன் வரவில்லை. வீம்பு. அந்த வருஷம் சனிக்கிழமை வேலைக்கு வருகிறவர்கள் அறுபதிலிருந்து பதினொன்றாகக் குறைந்துவிட்டார்கள். பரீட்சை நேரம், வேறென்ன.

பிறகு அவரவர் பாடு. கடலைமிட்டாய் கம்பெனி வேனில் கடை கடையாகப் போய்ச் சரக்குப் போடுகிற வேலை அவனுக்கு. 2017இல் கல்யாணம். அவனே போனில் கூப்பிட்டான். பழசையெல்லாம் மனசில் வைக்காதே என்று நான் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், அதற்குள் அவன் சொல்லிவிட்டான். பொண்ணு பெயர் செண்பகவல்லி. மேடையில் என்னை அவள் பக்கம் திருப்பி, "இவன்தான் எங்க தலைவர்" என்றான். கிண்டலா நிஜமா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்குச் சொல்லலாம் என்றால், தாலி கட்டின அன்றைக்கா சொல்வது?

2021 நவம்பரில் பழைய நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. கனிராஜுக்கு வயிறு வீங்கியிருக்கிறது, திருநெல்வேலியில் சேர்த்திருக்கிறார்கள் என்று. இரண்டு மாதம் தள்ளித்தான் போக முடிந்தது. எனக்குத் தொடர்ந்து நிகழ்ச்சிகள். போனபோது கட்டிலில் பாதி ஆள்தான் இருந்தான். கண் மஞ்சள். ஈரலில் புற்று என்று சொல்லிவிட்டார்கள். காரணம் அந்தக் கிருமிதான், சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கும், அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

செண்பகவல்லியைக் காபி வாங்கி வர அனுப்பினான். அவள் வெளியே போனதும் என் கையைப் பிடித்தான்.

"மாப்ள, அன்னைக்கு உன் பேர்ல குடுத்தேன்ல. இந்தச் சனியன் அப்பவே எனக்கு இருந்திருக்குமாம். அந்த ரத்தம் யாருக்குப் போச்சோ. ராத்திரி பூரா அதே நெனப்பு."

நான் இன்னொரு கையால் அவன் போர்வையை இழுத்துவிட்டேன்.

"உனக்கு லெட்டர் ஏதும் வந்துச்சா?"

"வரலடா."

"அப்ப அத ஏத்திட்டாங்க" என்றான். கையை விட்டுவிட்டான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சாகப் போகிறவனிடம் போய் உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? நீங்களே சொல்லுங்கள். அந்த ரத்தம் யாருக்கும் போகவில்லை, அன்றைக்கே கொட்டிவிட்டார்கள் என்று சொன்னால் அவனுக்கு நிம்மதிதான். ஆனால் அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பானே. நண்பனும் ஏமாற்றிவிட்டான் என்ற நினைப்போடு போகக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். அவனை நினைத்துத்தான்.

2022 மார்ச் ஒன்பதாம் தேதி இறந்துபோனான். முப்பது வயது. பாடைக்கு நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். பிறகு வீட்டில் எல்லாருக்கும் பரிசோதனை செய்தார்கள். செண்பகவல்லிக்கும் பெண் குழந்தைக்கும் ஒன்றும் இல்லை. அதில் எனக்குப் பெரிய ஆறுதல். தம்பி சின்னராஜுக்கு இருந்தது. தினம் ஒரு மாத்திரை போடுகிறான், நன்றாக இருக்கிறான். உங்கள் அண்ணனுக்கும் பத்து வருஷம் முன்னால் தெரிந்திருந்தால் இதே மாத்திரைதான் என்று டாக்டர் அவனிடம் சொன்னாராம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வருகிறது வந்துதான் தீரும்.

அவனை நான் மறக்கவில்லை. என் எல்லாப் பேச்சிலும் கனிராஜ் வருவான். தன் பெயருக்கு ஒரு யூனிட்கூட எழுதிக்கொள்ளாதவன் என்று சொல்வேன். பொய் இல்லையே. பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கனிராஜ் நினைவு ரத்ததான முகாம் என்று அதே கல்லூரியில் ஏற்பாடு செய்ததும் நான்தான். இன்றைக்கு அதுதான் நடந்தது. நான் சிறப்பு விருந்தினர். முதல் யூனிட் சிறப்பு விருந்தினர் என்று அவர்களாகவே வைத்துக் கேடயத்தையும் முன்கூட்டி அடித்துவிட்டார்கள். நான் என்ன செய்ய?

செண்பகவல்லியைக் கூப்பிட்டிருந்தேன், மேடையில் குத்துவிளக்கு ஏற்ற. வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். விளக்கு ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நிகழ்ச்சி தொடங்கும் முன்பு வராந்தாவில் என்னை நிறுத்தி, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பழைய என்.எஸ்.எஸ். நாட்குறிப்பு. ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவன் கையெழுத்து எனக்குத் தெரியாதா. 1.10.2010, ரத்தம் ஒரு யூனிட், ஜோதி பேரில், யாருக்கும் சொல்லக் கூடாது. அதற்கு நேரே மணி நேரம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

"இது நெசமாண்ணே?"

"ஆமாம்மா. அவனாத்தான் வந்து படுத்தான்."

"ரத்தம் எடுத்தா சோதிப்பாங்கல்ல?"

"சோதிப்பாங்க."

"ஏதாவது இருந்தா யாருக்குச் சொல்லுவாங்க?"

"குடுத்தவங்களுக்கு."

"பேரு உங்க பேரா இருந்தா?"

மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூப்பிடுகிறார்கள் அம்மா என்றேன். அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். எனக்கு இதில் வருத்தம் இருக்கிறது அண்ணாச்சி. அவனுக்காக இவ்வளவு செய்திருக்கிறேன், ஒரு நல்ல நாளும் அதுவுமாக இப்படியா கேட்பது?

பேசினேன். நன்றாகத்தான் பேசினேன், கைதட்டினார்கள். பிறகு கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இப்போதெல்லாம் ஆதார் பார்த்துத்தான் படிவம் எழுதுகிறார்கள், கையில் பட்டை கட்டிவிடுகிறார்கள், ஓர் ஆளுக்கு இன்னோர் ஆள் படுக்க முடியாது. எடை எழுபத்தெட்டு. விரலில் குத்திப் பார்த்து, எல்லாம் சரி என்றார்கள். படுத்தேன். பந்தைக் கொடுத்தார்கள். முதல்வர், இவர் வேறு முதல்வர், தோளில் கை வைத்தார். படம் எடுத்தார்கள். எல்லாரும் நகர்ந்தார்கள்.

செண்பகவல்லி மட்டும் நகரவில்லை. கட்டிலின் இடது பக்கம், தலைமாட்டில் நின்றாள். அன்றைக்கு அவன் நின்ற அதே பக்கம். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் ஊசியோடு வந்து, பேர் என்ன என்று கேட்டார்.

விருதுநகர் தாண்டிவிட்டது. நீங்கள் திருமங்கலத்தில்தானே இறங்க வேண்டும்? பெட்டியை இப்போதே எடுத்துவிட்டீர்களே. உட்காருங்கள், இன்னும் நேரம் இருக்கிறது. முடிந்துவிட்டது.

2024 அக்டோபர் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணி. மொத்தம் எழுபத்தாறு பேர் கொடுத்தார்கள். பதிவேட்டில் எண் ஒன்று, க. ஜோதிவேல். எதிரே 'எடுக்கவில்லை' என்று எழுதியிருக்கிறது.